ஆசைப்பட்டது மான், மாட்டியது ஆடு

திருகோணமலைக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில், புள்ளிமான்கள் ஊர் ஆடுகள் மாதிரித் திரியும். போன வருடம் போயிருந்தபோது ஒரு கொம்பன் கிட்ட வந்து என் பையை மோந்து பார்த்தது. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் ஓர் அறையில்தான் உயிரியல் ரியூசன் நடத்துகிறேன். அந்தச் சுவரில் இப்படி ஒரு மண்டையோடு இருந்தால் என்ன என்று அன்றே ஆசை பிடித்துவிட்டது. அங்கிருக்கும் சொந்தக்காரப் பெடியன் ஒருவன், "அக்கா, காட்டுப் பக்கம் கிடந்தால் எடுத்துத் தரட்டா?" என்றான். தொடவே வேண்டாம் என்றேன். மானைச் சுடுவது மட்டுமில்லை, அதன் உடற்பாகங்களை அனுமதியில்லாமல் வைத்திருப்பதும் இங்கே பிழை. 1937ஆம் ஆண்டிலிருந்து அதற்கு ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. "செத்துக் கிடந்தது, பொறுக்கினேன்" என்று வனசீவராசிகள் திணைக்களத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

ஆடு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆடும் அசைபோடும் பிராணிதான், பல்வரிசையும் கிட்டத்தட்ட அதேதான்.

போயாவன்று, அதாவது பௌர்ணமி விடுமுறையில், இறைச்சிக்கடை திறக்காது. அதனால் முதல் நாளே போனேன். வேலை செய்ய அடுத்த நாள் லீவும் இருந்தது.

"தலைய நாலாப் பொளந்து தரவா மிஸ்?"

"வேணாம் நானா, முழுசா வேணும். கொம்பிலயும் கைவைக்க வேணாம்."

"முழுசாவா? சட்டிக்குள்ள எப்புடிப் போகும்?"

"காய்ச்ச இல்ல, சுவரில மாட்ட."

நானா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு பைக்குள் போட்டுக் கட்டித் தந்தார். தொண்டையில் அறுப்பதால் மண்டை எங்கும் உடைந்திருக்கவில்லை. இப்படி மாட்டுவதற்கு அதுதான் முக்கியம்.

தோலை உரிப்பது நினைத்த அளவு கஷ்டமில்லை, பிளேட் கூராக இருந்தால் போதும். கண், நாக்கு, கீழ்த்தாடை எல்லாம் கழற்றியாயிற்று. சிக்கல் மூளைதான். முண்ணாண் நுழையும் ஓட்டை வழியாக வளைத்த கம்பியை விட்டுக் கலக்கி, பெரிய சிரிஞ்சியால் தண்ணீர் அடித்து அடித்து வெளியே எடுக்க வேண்டும். இதை எழுதும்போதும் அந்த மணம் வருகிறது.

அடுத்து சட்டி. இங்கே நான் விட்ட பிழையை நீங்கள் விடாதீர்கள். குளிக்கத் தண்ணீர் சுட வைக்கிற மாதிரி அடுப்பை முழுக்கத் திறந்து தளதளவென்று கொதிக்க விட்டேன். அப்படிக் கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள் இன்னும் ஊறுமே தவிர வெளியே வராது. மூக்குக்கு மேலே ஓடும் மெல்லிய எலும்புகளும் பொருத்து விட்டுப்போகும். எனக்கு ஒன்று கழன்றே வந்துவிட்டது. ஓரத்தில் சின்னக் குமிழ் வந்தால் போதும். துளி சலவைச் சோடா போட்டு, அடிக்கடி எடுத்துப் பார்த்து, இளகிய சதையைச் சுரண்டிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். சோடா கூடினால் எலும்பையே அரிக்கும். முதல் அரைமணி நேரம் குசினி முழுக்க ஆட்டிறைச்சி மணம். "வாசம் நல்லாத்தான் இருக்கு" என்று அம்மாகூட எட்டிப் பார்த்தார். கொம்பு இளகத் தொடங்கியதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

மானின் கொம்பு முழுக்க எலும்பு, வருடா வருடம் விழுந்து முளைப்பது. ஆகவே மான் தலை என்றால் கொம்பு தண்ணீரில் படாமல் வேக வைப்பார்கள், வெளுக்கும் மருந்தையும் அதில் படவிட மாட்டார்கள். ஆட்டுக்கு அப்படியில்லை. வெளியே தெரிவது நம் நகம் மாதிரியான ஒரு உறை, உள்ளே எலும்பு. அரைமணி நேரம் அவிந்ததும் பழைய துணியால் பிடித்துத் திருகினால் உறை கழன்று வரும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சவ்வின் நாற்றத்துக்கு எந்த ஊதுபத்தியும் ஈடு கொடுக்காது.

பற்கள் விழும். அதனால் தண்ணீரை நேரே சிங்கில் ஊற்றக் கூடாது, அரித்து ஊற்ற வேண்டும். நான் எடுத்தது அம்மா இடியப்ப மா அரிக்கும் அரிதட்டை. அதைப் பற்றி மேற்கொண்டு எழுதாமல் விடுகிறேன். புது அரிதட்டு வாங்கிக் கொடுத்தாயிற்று.

இனித்தான் உண்மையான வேலை, அதாவது சும்மா இருப்பது. பல்கனியில் ஒரு வாளி, இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம். தண்ணீர் கலங்கி மேலே எண்ணெய் படர்ந்தால் மாற்ற வேண்டும். 5 கிழமை மாற்றினேன். எலும்பின் மஞ்சள் அழுக்கல்ல, கொழுப்பு. அது போகாமல் வெளுத்தால் கொஞ்ச நாளில் திரும்ப மஞ்சளாகும்.

கொழும்பில் இதைச் செய்கிறவர்கள் காகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். வாளிக்கு மேல் பலகையும் செங்கல்லும் வைத்திருந்தேன், அதில் குறையில்லை. ஆனால் கழன்ற மூக்கெலும்பைக் காயட்டும் என்று பல்கனிக் கட்டில் வைத்துவிட்டு உள்ளே போய் வருவதற்குள் காணவில்லை. கீழ் வீட்டு ஏசிப் பெட்டிக்கு மேல் காகம் அதைப் போட்டுக் கொத்திக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி அங்கிள் தும்புத்தடியால் தட்டி விழுத்தித் தந்தார். என்ன எலும்பு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெளுக்க ஹைட்ரஜன் பெரொக்சைட். குளோரின் வேண்டவே வேண்டாம், அது எலும்பைத் தின்று மாவாக்கிவிடும். பாமசியில் கிடைக்கும் 3 சதவீதம் இதற்குக் காணாது. சலூன் சாமான் விற்கும் கடையில் தலைமயிருக்குப் பூசும் '40 வொல்யூம்' கிறீம் கேட்டால், அது 12 சதவீதம். கையுறை போட்டுக்கொண்டு பிரஷால் பூசி, பொலித்தீனால் சுற்றி ஒரு நாள் விட்டேன். கையுறையில் இருந்த ஓட்டை எனக்குத் தெரியாது, விரல் நுனி வெள்ளையாகி எரிந்தபோதுதான் தெரிந்தது. கொம்பு உறையில் கிறீம் படக்கூடாது, நிறம் போய்விடும்.

மூக்கெலும்பையும் பற்களையும் ஒட்டி, உறைகளைத் திரும்பக் கொம்பில் மாட்டி, அதையும் சுப்பர் குளூவால் இறுக்கினேன். மொரட்டுவையில் தச்சுவேலை செய்யும் ஒருவர் பலாப்பலகையில் முட்டை வடிவில் வெட்டித் தந்தார். திருகாணி பித்தளையில் வாங்குங்கள். கடற்காற்றுக்கு இரும்பு இரண்டு மாதத்தில் துருப்பிடித்து எலும்பில் கறை இறங்கும்.

ஹோலில் மாட்ட அம்மா விடவில்லை. "சாமியறைக்கு நேரெதிரா எலும்போ?" அவருடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ரியூசன் அறைக்குப் போயிற்று. முதல் நாளே ஒரு பிள்ளை கேட்டாள்: "மிஸ், மேல் முன்பல்லெல்லாம் விழுந்திட்டுதா?" விழவில்லை, இருந்ததே இல்லை. கீழே முன்னால் 8 பல், மேலே வெறும் தடித்த முரசு, அதாவது ஈறு. அதில் அழுத்தித்தான் புல்லை இழுக்கும். புள்ளிமானுக்கும் அப்படித்தான். புத்தகத்தில் மூன்று வருடமாகப் படிப்பித்தது அன்றைக்குத்தான் ஏறியது.

இவ்வளவு பாடுபட்டும், சித்திரை வெக்கையில் ஒரு நாள் பார்க்கிறேன், கொம்படியில் மஞ்சள் கசிகிறது. ஆட்டுக் கொம்பின் உள்ளெலும்பு பஞ்சு மாதிரி ஓட்டைகள் உள்ளது, நெற்றிக்குள் இருக்கும் காற்றறைகளோடு தொடுபட்டது. கொழுப்பு அங்கே பதுங்கியிருந்திருக்கிறது. உறையை ஒட்டாமல் விட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. இப்போது பசை இளகும்வரை காத்திருக்கிறேன். மண்டையோடு திரும்பவும் பல்கனி வாளிக்குள், மேலே செங்கல். சுவரில் பலாப்பலகை மட்டும் இருக்கிறது. அதன் திருகாணியில் அம்மா தன் குடையை மாட்டி வைத்திருக்கிறார்.