கடித்த நாய் இன்னும் தெருவில்தான் இருக்கிறது

நாய் கடித்து நான்கு மாதம் ஆகிறது, கெண்டைக்காலில் இருந்த பல் தடம்கூட மங்கிவிட்டது, ஆனாலும் தண்ணீர் குடிக்கும்போது தொண்டை லேசாக இறுகினால் போதும், மனது நேரே ரேபிஸுக்குப் போய்விடுகிறது; அந்த வெறிநாய்க்கடி நோய் வந்தால் தண்ணீரே இறங்காதே. அன்றைக்கே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன். காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தை, ஊசியாகப் போட்டார்கள், உயிர் போகிற வலி. அப்புறம் முதல் ஊசி நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று நான்கு நாளும் தவறாமல் தடுப்பூசி, இரண்டு கையிலும். 10 நாள் கழித்தும் அந்த நாய் டீக்கடை வாசலில் பன் தின்றுகொண்டு நன்றாகத்தான் நின்றது. கடித்தபோதே எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அதற்குள் நாயே செத்திருக்கும் என்றார் டாக்டர். எல்லாம் புரிகிறது, ராத்திரி படுத்தால்தான் பயம் திரும்பி வந்துவிடுகிறது. நேற்று அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி, "என் கண் முன்னாடி குடிடா" என்றாள். மடமடவென்று குடித்தேன்.