சாயங்காலம் ஆறு மணிக்கு மேல

போன வருஷம் ஜூன் மாசம் பொண்ண கோயம்புத்தூர்ல காலேஜ் ஹாஸ்டல்ல விட்டுட்டு, மேட்டுப்பாளையம் வந்து அங்கருந்து கோத்தகிரி பஸ் புடிச்சு வீடு வந்து சேர்ந்தேன். அன்னைக்கு ராத்திரி அரிசி அளக்க டம்ளர எடுத்தவ அப்படியே நின்னுட்டேன். பதினெட்டு வருஷமா மூணு பேருக்கு அளந்த கை. வீட்டுக்காரர் பிக்கப் ஓட்றார், கேரட்டு, பீட்ரூட்டு, முட்டகோஸ்னு தோட்டத்துல லோடு ஏத்திட்டு ராத்திரி மண்டிக்கு எறங்கினா காலைல தான் மேல வருவார். எனக்கு மட்டும்னா எவ்வளவு அரிசி? தெரியல. ரெண்டு வர்க்கியும் டீயுமா முடிச்சுட்டு படுத்துட்டேன்.

எங்க ஊர் தெரிஞ்சவங்களுக்கு தெரியும், இருட்டினா நடக்க போறதுங்கறதெல்லாம் கெடையாது. மிஸ்ட் எறங்கிடும், தெரு முக்குல கரடி நிக்கும், இல்லன்னா தேயிலத் தோட்டத்துலருந்து காட்டெருமை ரோட்டுக்கு ஏறி வரும். கதவ சாத்தினா சாத்தினது தான். நான் ஒரு தேயில பேக்டரில கணக்கு எழுதறேன், அஞ்சரைக்கு வீட்டுக்கு வந்துருவேன், ஆறு மணிலருந்து பதினோரு மணி வரைக்கும் அஞ்சு மணி நேரம் முன்னாடி நிக்கும். மொதல் ஒரு மாசம் அந்த அஞ்சு மணி நேரமும் போன்ல போச்சு. விரலால தள்ளிட்டே இருப்பேன், பாத்தது எதுவும் மனசுல நிக்காது, போன வச்சதும் முன்னாடி இருந்தத விட பாரமா இருக்கும். இத எழுதறதே, அப்படி ஒக்காந்திருக்கற யாராவது படிச்சா நல்லாருக்குமேன்னு தான்.

பக்கத்து வீட்ல ரிட்டையர் ஆன டீச்சரம்மா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க அப்பா அம்மா இலங்கைல நுவரெலியா பக்கத்து தோட்டத்துலருந்து சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இங்க வந்தவங்க. அங்க இருந்த தோட்டத் தமிழர்ல நெறைய பேர இந்தியா திரும்ப ஏத்துக்கறதுன்னு ரெண்டு நாடும் 1964ல போட்ட ஒப்பந்தம் அது, அதுல வந்த குடும்பங்கள் தான் இன்னைக்கும் இந்த மலைல நெறைய தேயிலயப் பறிக்குதுன்னு சொல்லத் தோணும் எனக்கு. டீச்சரம்மா சின்ன வயசுல கான்வென்ட் சிஸ்டர்ங்க கிட்ட ஸ்வெட்டர் பின்ன கத்துக்கிட்டாங்களாம், அறுபத்தேழு வயசுலயும் விடல. ஜூலைல ஒரு நாள் கரண்ட் போச்சு, மெழுகுவர்த்தி கேட்டு போனேன், எமர்ஜென்சி லைட்டு வெளிச்சத்துல அவங்க பாட்டுக்கு பின்னிட்டு இருந்தாங்க. "வெட்டியா தான இருக்க, ஒக்காரு புள்ள"ன்னு ரெண்டு பத்தாம் நம்பர் ஊசியும் மயில் கழுத்து கலர்ல ஒரு உல்லன் நூல்கண்டும் கைல குடுத்துட்டாங்க. மெழுகுவர்த்தி வாங்கவே இல்ல நான்.

ஒரு மப்ளருக்கு மொதல்ல ஊசில நாப்பது கண்ணி, அதாவது நாப்பது நூல் வளையம், ஏத்த சொன்னாங்க. ஏத்திட்டேன். ஆறு வரிச பின்னிட்டு எண்ணிப் பாத்தா நாப்பத்தாறு இருக்கு. எங்கருந்து வந்துச்சு இந்த ஆறுன்னு எனக்கு புரியவே இல்ல. அவங்க வாங்கி வெளிச்சத்துல புடிச்சு பாத்துட்டு, வரிச ஆரம்பத்துல நூல ஊசிக்கு கீழ தொங்க விடாம மேல தூக்கி பின்னாடி போட்டுட்ட, அதனால ஓரத்து கண்ணி ஒண்ணு ரெண்டா தெரியுது, அந்த ரெண்டையும் நீ தனித்தனியா பின்னிட்டன்னு காட்டினாங்க. ஒவ்வொரு வரிசைக்கும் ஒண்ணு, ஆறு வரிசைக்கு ஆறு. கணக்கு டாலி ஆன மாதிரி ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, தப்பு கண்டுபிடிச்சதுக்கு! பிரிச்சோம். சர்ர்ருன்னு அவ்வளவும் நூலாப் போச்சு, கொஞ்சம் சுருள் சுருளா இருந்துச்சே தவிர நூலுக்கு ஒண்ணும் ஆகல.

எனக்கு அங்க தான் ஏதோ புடிபட்டுச்சு. ஆபீஸ்லயும் நான் நாள் முழுக்க எண்ணிட்டு தான் இருக்கேன், ஆனா அங்க ஒரு எண்ண மாத்தி எழுதினா யாரோ ஒரு சின்ன விவசாயிக்கு பச்சத் தேயில காசு கொறையும், ஏற்கனவே கிலோவுக்கு கெடைக்கற வெல போதலன்னு நொந்து போய் நிக்கறவங்க அவங்க. வீட்லயும் அப்படித்தான், பாக்கப் போனா எந்த வேலையா இருந்தாலும் நான் தப்பு பண்ணா இன்னொருத்தருக்கு கஷ்டம். நாப்பத்து நாலு வயசுல, தப்பு பண்ணா யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாத ஒரு வேல என் கைல அன்னைக்கு தான் இருந்துச்சு. அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு அனுபவிச்சா தான் தெரியும்.

அந்த மப்ளர முடிக்க நாலு மாசம் ஆச்சு. நடுவுல ஒரு தடவ ஒரு கண்ணி ஊசிலருந்து நழுவி, கவனிக்காம விட்டதுல ஏழு வரிச கீழ எறங்கிப் போச்சு, பாக்க ஏணி மாதிரி குறுக்க ஏழு நூல் நிக்குது. அழுகையே வந்துருச்சு. டீச்சரம்மா குரோஷா ஊசி எடுத்து அடில இருந்த கண்ணில கொக்கிய விட்டு, அதுக்கு மேல இருந்த நூல புடிச்சு உள்ள இழுத்து, அடுத்தது, அடுத்ததுன்னு ஏழு படியும் ஏறி மேல கொண்டாந்து ஊசில மாட்டினாங்க. ஒரு நிமிஷம் கூட ஆகிருக்காது. எந்த எடம்னு இப்ப தேடினா எனக்கே தெரியல.

நடுவுல வேற சிலதும் பண்ணி பாத்தேன். கீபோர்டு கத்துக்கலாம்னு ஒரு ஆன்லைன் கிளாஸ்ல பணம் கட்டினேன், மூணாவது வாரமே எனக்கு அது ஒட்டலன்னு தெரிஞ்சுருச்சு, பணத்த திருப்பி கேட்டா பதிலே இல்ல. கொஞ்ச நாள் அது உறுத்துச்சு. அப்புறம் விட்டுட்டேன், கீபோர்ட பொண்ணு எடுத்துட்டு போயிட்டா. புதுசா எத ஆரம்பிச்சாலும் கடைசி வரைக்கும் புடிச்சு தொங்கணும்னு ஒண்ணும் இல்லைங்க, நமக்கு இல்லன்னு தெரிஞ்சா வச்சுட்டு அடுத்தத பாக்கலாம்.

பிரட் அப்படி இல்ல, அது ஒட்டிக்கிச்சு. கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி ஒசரத்துல இருக்கற செப்டம்பர் குளிருக்கு மாவு உப்பவே உப்பாது. ரெசிபில ஒரு மணி நேரம்னு போட்டிருப்பாங்க, நம்ம வீட்ல மூணு மணி நேரம் ஆனாலும் பெசஞ்சது பெசஞ்ச மாதிரியே கெடக்கும். ஆனா மலைல இருக்கற எந்த பொம்பளைக்கும் இது புது பிரச்சன இல்லையே, இட்லி மாவு புளிக்க என்ன பண்றோம்? அதையே பண்ணேன். பெரிய குண்டால சுடுதண்ணி ஊத்தி அது மேல மாவுப் பாத்திரத்த வச்சு கம்பளியப் போட்டு மூடிட்டேன். ரெண்டு மணி நேரத்துல தொறந்தா ரெண்டு பங்கு. விரலால அமுக்கினா குழி விழுந்து மெதுவா மேல வருது. அந்த ஈஸ்ட் வாசனையோட அடுப்படில நிக்கறப்ப வெளிய மழ பேஞ்சிட்டு இருந்துச்சு, வீட்ல நான் மட்டும் தான், ஆனா தனியா இருக்கற மாதிரியே தோணல.

பறவை பாக்க ஆரம்பிச்சது இந்த ஜனவரில. எங்க பேக்டரில ஒரு தம்பி இருக்கார், கழுத்துல எப்பவும் பைனாகுலர் தொங்கும். பொங்கல் நாலு நாளும் தமிழ்நாடு முழுக்க பறவை கணக்கெடுப்பு நடக்கும்க்கா, நீங்களும் பண்ணுங்கன்னார். எனக்கு காக்கா மைனா தவிர ஒண்ணும் தெரியாதேப்பான்னேன். ஒரே எடத்துல கொறஞ்சது கால் மணி நேரம் நின்னு, பாத்ததையும் கேட்டதையும் எண்ணி ஈபேர்ட்னு பறவைக் கணக்கு பதியற ஆப்ல போட்டா போதும், தெரியாதத விட்டுடுங்க, தப்பா எழுதறதுக்கு விடறது மேலுன்னார். பொங்கல் அன்னைக்கு காலைல பானைய எறக்கி வச்சுட்டு வாசப்படில நின்னேன். பதினஞ்சு நிமிஷம். ஒம்பது வகை! இருவது வருஷமா கோலம் போடற வாசல் அது. கொண்டை வச்ச குருவின்னு நாங்க சொல்றதுக்கு செம்மீசைச் சின்னான்னு பேரு, கன்னத்துல செவப்பா ஒரு பொட்டு மாதிரி இருக்கு, அத அன்னைக்கு தான் பாக்கறேன். கண்ண சுத்தி வெள்ளையா வளையம் போட்ட குட்டிக் குருவி வெள்ளைக்கண்ணி. ஓடத் தண்ணி ஓரமா வால ஆட்டிட்டு ஒண்ணு நடந்துச்சு, அடில மஞ்ச, அந்த வாலாட்டி குளிர் காலத்துக்கு மட்டும் வடக்க, இமயமலைப் பக்கத்துலருந்தும் அதுக்கும் அந்தப் பக்கத்துலருந்தும் வர்றதாம். அவ்வளவு தூரம் பறந்து வந்து எங்க தெரு ஓடைல நிக்குது, நான் அத தாண்டி தாண்டி பஸ்ஸுக்கு ஓடிருக்கேன்.

அந்த தம்பி தான் மார்ச்ல எங்க நாலஞ்சு பேர லாங்வுட் சோலைக்கு கூட்டிட்டு போனார், வனத்துறை அனுமதியோட. டவுனுக்கு ஒட்டினாப்ல இருக்கற 116 ஹெக்டேர் காடு, 2024ல ராம்சார்ங்கற, உலக அளவுல முக்கியமான ஈர நிலங்களோட பட்டியல்ல சேத்தாங்க, சுத்தி இருக்கற ஊர்களுக்கு தண்ணி அங்கருந்து தான் வருது. உள்ள போனா பகல்லயே மங்கலா இருக்கு, மரத்துல எல்லாம் பாசி, கால வச்சா மெத்து மெத்துன்னு இல. நீலகிரிச் சிரிப்பானுங்க கூட்டமா சிரிக்கற சத்தம் மொதல்ல கேட்டுச்சு, நெஜமாவே யாரோ சிரிக்கற மாதிரி தான் இருக்கு. அப்புறம் தம்பி கைய காட்டி நிறுத்தினார். கீழ இருட்டுல ஒரு சின்ன குருவி, மங்கின நீலம், வயித்துப் பக்கம் செம்பழுப்பு, மூணு செகண்டு நின்னுச்சு, போயிருச்சு. இங்கிலீஷ்லயே அதுக்கு பேரு நீலகிரி சோலைக்கிளி தான்னார். 2017ல அதுக்கும் அதோட சொந்தக்கார பறவைகளுக்கும் தனி பேரினம்னு பிரிச்சு ஷோலிகோலான்னு அறிவியல் பேரு வச்சாங்களாம், நம்ம சோலை அதுக்குள்ள இருக்கு. மலையாளத்துல கிளின்னா எல்லா குருவிக்கும் பொது, நமக்கு தான் பச்சக்கிளி ஞாபகம் வருது. மூணு செகண்டு பாத்தது தான், ஆனா அந்த வாரம் பூரா ஆபீஸ்ல லெட்ஜர் எழுதறப்ப கூட அந்த நீலம் கண்ணுக்குள்ளயே இருந்துச்சு.

ஒண்ணு சொல்லணும், இது எனக்கு மனசுல தைச்ச விஷயம். ஏப்ரல்ல எங்க கேட் பக்கத்து ரோஜாச் செடில சின்னான் ஜோடி கூடு கட்டுச்சு. ரெண்டு முட்ட, வெளிர் ரோஸ் மேல செவப்பு புள்ளி. கூட்ட எட்டி பாத்தா புல்லு, நாரு, காஞ்ச எல நடுவுல மயில் கழுத்து கலர்ல ஒரு நூல்! என் உல்லன். வராண்டால ஒக்காந்து பின்றப்ப வெட்டிப் போட்டது. எவ்வளவு சந்தோஷம் எனக்கு, போட்டோ எடுத்து தம்பிக்கு அனுப்பினேன். அவர் ஒடனே போன் பண்ணார். அக்கா அழகா தான் இருக்கு, ஆனா நீளமான நூல் குஞ்சு கால்ல சுத்திக்கும், வளர வளர இறுகும், கால் வீணாப் போயிரும்னார். எனக்கு பகீர்னுச்சு. தப்பு பண்ணா யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனச்ச வேலைல போயி இப்படி. கூட்ட தொடவும் கூடாது. குஞ்சு பொரிஞ்சதுலருந்து காலைலயும் சாயங்காலமும் எட்ட நின்னு பாத்துட்டே இருந்தேன், வாயப் பொளந்துட்டு தலைங்க தெரியும், கால் தெரியாது. பன்னெண்டாம் நாளோ என்னமோ, ஒண்ணு கிளைக்கு வந்து ஒக்காந்துச்சு. மறுநாள் ரெண்டாவதும். ரெண்டு கால், ரெண்டு கால்னு எண்ணினேன். இப்ப வெட்டற நூல் ஒவ்வொண்ணும் பிஸ்கட் டப்பாக்குள்ள போயிருது, டீச்சரம்மா வீட்லயும் ஒரு டப்பா வச்சுட்டேன்.

பொண்ணு போன மாசம் ஒரு ஆராய்ச்சி பத்தி வாட்ஸ்அப் பண்ணா. 2023ல நேச்சர் மெடிசின்ல வந்துச்சாம், 16 நாடுகள்ல 65 வயசு தாண்டின 93,000 பேருக்கு மேல கவனிச்சதுல, ஏதாவது ஒரு பொழுதுபோக்கு வச்சிருக்கறவங்களுக்கு மனச்சோர்வு கொறவா, சந்தோஷம் கூடுதலா இருந்துச்சாம். எது மொத, எது அப்புறம்னு இதுலயே முடிவா சொல்லிட முடியாதும்மான்னும் அவளே எழுதிருந்தா. டீச்சரம்மாவுக்கு படிச்சு காட்டினேன். ஊசிய நிறுத்தாமயே கேட்டுட்டு, "கழுத்து அளவு பாத்தியா? தல நுழையணும்"னாங்க. வீட்டுக்காரருக்கு ஸ்வெட்டர் பின்னிட்டு இருக்கேன், காட் ரோட்ல விடியக்காலைல கண்ணாடி எறக்கி ஓட்ற மனுஷன்.

அவருக்கு ஆரம்பத்துல இது எதுவும் புரியல. குருவிய எண்ணி என்ன பண்ணப் போறன்னு கேட்டார், கோவமா இல்ல, நெஜமாவே தெரியாம தான். நானும் பதில் சொல்லல. நேத்து காலைல அஞ்சே முக்காலுக்கு போன். அந்த நேரத்துக்கு போன் வந்தா வண்டிக்கு என்னாச்சோன்னு தான் நெஞ்சு அடிச்சுக்கும். எடுத்தா, "பேசாத, கேளு"ன்னார். தண்ணி விழற சத்தம். அதுக்கு மேல யாரோ பள்ளிக்கூடத்து பையன் தனக்கு தானே சீட்டி அடிச்சுட்டு நடந்து போற மாதிரி, ஒரு ராகத்துல சேராம, ஏறி எறங்கி, நின்னு, திரும்ப. சீகாரப் பூங்குருவி. மழைக்காலம் ஆரம்பிச்சா விடியக்காலைல ஓடைப் பக்கம் பாடும்னு எப்பவோ அவர் கிட்ட சொன்னேன், அவர் காதுல வாங்கினார்னே எனக்கு தெரியாது. கொண்டை ஊசி வளைவுல வண்டிய ஓரங்கட்டி, இஞ்சின ஆப் பண்ணிட்டு போன வெளிய நீட்டி புடிச்சிருக்கார்.

"இது தான?"ன்னார்.

இது தாங்கன்னேன். லிஸ்ட்ல போட மணி எத்தனன்னு கேட்டேன், எந்த வளைவுன்னு கேட்டேன். அவரே சொன்னார், ஒண்ணு தான் கேக்குது, ஆனா எதுர்ல இன்னொண்ணு பதில் சொல்ற மாதிரி இருக்கு, இரு, இன்னும் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு சொல்றேன்னு.