நெருப்புக்காய்ச்சல்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகச் சேர்ந்த முதல் வருடம், பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் மட்டும் மூன்று பேருக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது; அசுத்தத் தண்ணீரால் பரவும் டைபாய்டுதான் அது. அவர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே ஏறிப் பார்த்தேன். தண்ணீர்த் தாங்கியின் மூடி உடைந்து கிடந்தது. அதற்கும் மேட்டில் ஒரு மலக்குழி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நிர்வாகத்திடம் பல மாதமாகச் சொல்லியும் ஆள் வரவில்லை என்றார் தோட்டத் தலைவர்.

"தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்று வீடு வீடாகச் சொன்னேன்.

"விறகுக்கு எங்கே போவது, ஐயா?" என்றார் ஓர் அம்மா. அவருடைய மகன்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த மூவரில் இளையவன். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த வாரமே தியத்தலாவையில் வேலை இருந்தது. போயர் கைதிகளின் நினைவுச் சின்னத்தை அன்றுதான் நின்று பார்த்தேன். போயர்கள் தென்னாப்பிரிக்காவின் டச்சு வழிக் குடியேறிகள். அங்கே நடந்த போரில் பிரித்தானியரிடம் பிடிபட்டவர்களை 1900 ஆகஸ்டிலிருந்து கப்பலில் கொழும்புக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ரயிலில் இந்த மலைக்கு ஏற்றினார்கள். தகரக் கொட்டகைகள், சுற்றிலும் முள்வேலி, உள்ளே ஏறத்தாழ 5,000 பேர். பெரும்பாலானோர் விவசாயிகள். 1902 மே 31இல் சமாதானம் கையெழுத்தானது. அதைக் காணாமலே இந்த மண்ணில் அடங்கியவர்களும் உண்டு. அவர்களில் பலரைக் கொண்டுபோனது நெருப்புக்காய்ச்சல்.

கல்லில் ஒரு பெயரின் மேல் கண் நின்றுவிட்டது. எனக்கு உச்சரிக்கத் தெரியாத பெயர். குண்டுக்குத் தப்பி, துப்பாக்கியைக் கீழே வைத்து, கடல் கடந்து வந்தவன், பாயில் கிடந்து செத்திருக்கிறான். படிப்படியாக ஏறும் காய்ச்சல், மூன்றாம் வாரத்தில் குடலையே துளைத்துவிடக்கூடும். இதைக் குணமாக்கும் குளோரம்பெனிக்கோல் மருந்து வந்தது 1948இல்தான். அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடியது நெற்றியில் ஓர் ஈரத் துணி.

கைதி வேறு ஊற்றைத் தேடிப் போக முடியாது. வேலிக்குள் வருவதைத்தான் குடிக்க வேண்டும். லயத்து அம்மாவின் கேள்வி அங்கே நின்றபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. விறகும் தண்ணீரும் அவர் கையில் இல்லை. நான் அறிவுரை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் அறிக்கையைத் திருத்தி எழுதினேன். 'மக்களுக்கு விழிப்பூட்டல்' என்று முதலில் போட்டிருந்ததை வெட்டிவிட்டு, தாங்கி, மூடி, மலக்குழி என்று எழுதி, நாள் குறித்து, நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கினேன்.

பையன் மருந்தில் தேறி வீடு வந்தான். மூடி மாற்றியாயிற்று என்று தலைவர் சொல்லியனுப்பிய மறுநாள் காலை, குளோரின் அளக்கும் பெட்டியுடன் மீண்டும் பீலிக்கு மேலே ஏறினேன்.