மாப்பேக்குள் என்ன வைப்பது?

ஜேர்மனியில் கிராபிக் டிசைன் படிக்கப் போகிறேன் என்றால் எங்கட ஆட்கள் முதலில் கேட்பது, "எத்தனை புள்ளி வேணும்?" என்றுதான். புள்ளி பிறகு. பெரும்பாலான கல்லூரிகளில் முதலில் பார்ப்பது மாப்பேயை, அதாவது எங்கட வேலைகளின் தொகுப்பை. கீறியது, வெட்டி ஒட்டியது, படம் பிடித்தது என்று எல்லாவற்றிலும் தெரிந்தெடுத்த 15, 20 வேலைகளை ஒரு பெரிய மட்டைக்குள் அடுக்கி ஒப்படைக்க வேண்டும். சில இடங்களில் இப்போது பிடிஎஃப் ஆகவே ஏற்றச் சொல்கிறார்கள். எல்லாம் நானே செய்தது என்று கையெழுத்தும் வைக்க வேண்டும். அதைப் பார்த்துத் தகுதி உண்டு என்று அவர்கள் எழுதித் தந்தால்தான் மிச்ச விண்ணப்பம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் வேலை செய்தவள். கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிக் கல்வெட்டு, சாமத்தியவீட்டு அட்டை, ரியூசன் விளம்பரம். பாமினி எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். கலியாணம் கட்டி டோட்முண்டுக்கு வந்த பிறகு மொழி வகுப்பு, துப்புரவு வேலை, திரும்பவும் மொழி வகுப்பு. ஜேர்மன் மொழியில் பி2 தரம் முடித்த கையோடு இவர்தான் சொன்னார்: "நீர் செய்த வேலையைத்தானே இங்க படிப்பிக்கினம். கேட்டுப் பாருமன்."

கேட்பதற்கென்றே கல்லூரிகள் மாப்பே ஆலோசனை நாள் வைக்கின்றன. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடம் முடித்த பெடியள், பெட்டையள். என்னுடைய அழைப்பிதழ்களைப் பேராசிரியர் மரியாதையாகத்தான் புரட்டினார். கேட்டது ஒரு கேள்வி: "இந்தப் பூமாலைக்கு முன்னால் எத்தனை பூமாலை கீறிப் பார்த்தீர்கள்?" அச்சகத்தில் அப்படி ஒரு கேள்வி எழும்பவே எழும்பாது. ஆள் வாசலில் மோட்டார்சைக்கிளை நிற்பாட்டாமலே காத்துக்கொண்டு நிற்பார். பூமாலை, ஆயத்தப் படங்கள் இருக்கிற சீடியிலிருந்து வரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது ஒரு தொழில், வேகம் அதன் திறமை. ஆனால் இங்கே அவர்கள் பார்க்க விரும்புவது முடிந்த வேலையை மட்டுமல்ல, அதற்கு முன்னால் கழிந்துபோன தாள்களையும்தான். குப்பைக் கூடைக்குப் போகிற தாள்களை அடுக்கி வைக்கப் பழகியதுதான் எனக்கு இங்கே முதல் பாடம்.

வேறொரு இடத்தில் ஆலோசனை சொன்ன அம்மா சரியான அன்பானவர். "உங்கள் கலாசாரத்திலிருந்து ஏதாவது கொண்டு வாருங்கள். தரையில் போடுவீர்களே, அந்தப் புள்ளிக் கோலங்கள்?" என்றார். எங்கள் வீட்டில் கோலம் வருடத்தில் ஒருக்கால், பொங்கல் பானைக்கு முன்னால், அதுவும் அப்பா போடுவது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் எனக்கு முன்னால் நின்ற டோட்முண்ட் பெடியனிடம் நிலக்கரிச் சுரங்கத்தைக் கீறிக்கொண்டு வா என்று அவர் சொல்லவில்லையே. இத்தனைக்கும் இந்தப் பகுதியில் சுரங்கத்துக்கும் டிசைனுக்கும் நேரடித் தொடர்பே உண்டு: எசன் நகரில் 1986இல் மூடிய சொல்வெரைன் சுரங்க வளாகத்தில்தான் 2017இலிருந்து பொல்க்வாங் பல்கலைக்கழகத்தின் டிசைன் பிரிவு இருக்கிறது.

கோலத்தை விட்டுவிட்டு, கீறப் பழகப் போனேன். தனியார் மாப்பே வகுப்புகளுக்கு நல்ல காசு வேண்டும். ஊர் ஊராக இருக்கிற ஃபோல்க்ஸ்ஹொக்சூலே, அதாவது மக்கள் கல்விக்கூடம், மலிவு. அங்கே மாலை வகுப்பு ஒன்று, உடுப்பில்லாத ஆளைப் பார்த்துக் கீறுவது. மாமியிடம் அதை எப்படிச் சொல்வது?

"எங்க பிள்ளை வெளிக்கிட்டாச்சு?"

"படம் கீறப் போறன் மாமி."

"என்ன படம்?"

"ஆக்கள்."

அதற்கு மேல் அவ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நடுவில் நின்றவர் வயதான மனிதர், வயிறும் நரம்பு புடைத்த கால்களுமாக. நான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஆசிரியை மணியை அழுத்திவிட்டா. முதல் நிலைகள் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்தான். அந்த நேரத்துக்குள் தோளைப் பிடிக்கவே காணாது, வெட்கப்பட எங்கே நேரம்? "கையைக் கீறாதீர்கள், கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கீறுங்கள்" என்று சொல்லிக்கொண்டே நடந்தா. அந்த ஒரு வசனத்தை, பிறகு எழுத்துகளுக்கு இடையில் எவ்வளவு வெளி விடுவது என்று மண்டையை உடைத்தபோதெல்லாம் நினைத்தேன்.

கரித்துண்டால் கீறியவை அழியாமலிருக்க ஃபிக்ஸாடிவ் அடிக்க வேண்டும். விலை கூட என்பதால் ஹெயார் ஸ்பிரே அடித்து, சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன். ஒருநாள் மாமி தூசு தட்டப் போய் விரித்துவிட்டா. நான் குசினி வாசலில் உறைந்து நிற்கிறேன். கனநேரம் பார்த்தா. "இந்தக் கிழவன்ர இடக்கால் சரியில்லை. இப்பிடி நிண்டா விழுந்திடுவார்" என்றா. திரும்பப் பார்த்தேன். உண்மைதான், பாரம் முழுக்க மற்றக் காலில் இருந்திருக்க வேண்டும்.

வயதும் மனதை அரித்தது. இதே பகுதியில் உள்ள பொட்ரொப் நகரில் யோசெஃப் அல்பேர்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. சதுரத்துக்குள் சதுரம் வைத்து நிறங்களை 1950இலிருந்து சாகும்வரை பரிசோதித்த ஓவியர், 1888இல் அங்கேயே பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துவிட்டு 1920இல் பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளிக்கு மாணவனாகப் போனபோது அவருக்கு வயது 32. இந்தக் கணக்கை இவருக்குச் சொன்னேன். "அப்ப உமக்கு இன்னும் நேரம் கிடக்கு" என்றார்.

ஊர் வாடை அடிக்கக்கூடாது என்றும் நான் சத்தியம் பண்ணவில்லை. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போய் நாள் முழுக்கக் கீறினேன். தேரையல்ல. தொழிற்பேட்டைத் தெருவில் வடம் போகிறபோது போக்குவரத்தை மறிக்கிற பொலிஸ்காரரை, தள்ளுவண்டிலுக்குள் நித்திரையான குழந்தையை. மறுநாள் டாட்டெல்ன்-ஹம் கால்வாயில் தீர்த்தம் நடக்கையில் சைக்கிளை நிற்பாட்டிப் பார்த்த ஜேர்மன்காரத் தம்பதியை. கோலம் கேட்ட அம்மாவுக்கு இதுதான் என் பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் மாப்பேயின் நடுநாயகம் குப்பை வாளி. எங்கள் கட்டிடத்தில் மஞ்சள் பொதி, நீலம் கடதாசி, மண்ணிறம் உக்கும் குப்பை, சாம்பல் மிச்சம். மாமிக்கு ஜேர்மன் வாசிக்க வராது. நகரசபை ஒட்டிய படங்களில் ஆப்பிள் தோல் இருக்கிறது, முருங்கைக்காய்ச் சக்கை இல்லை. அவவுக்காகவே படக்குறிகள் கீறத் தொடங்கினேன். 1972 மூனிக் ஒலிம்பிக்குக்கு ஜேர்மன் டிசைனர் ஒட்ல் ஐஷர் செய்த விளையாட்டுக் குறிகள் நிலைக்குத்துக் கோடு, கிடைக்கோடு, 45 பாகைச் சரிவு என்ற கட்டத்துக்குள் நிற்பவை. அதே கட்டுப்பாட்டை நானும் எடுத்துக்கொண்டேன். அந்தச் சரிவில் கறிவேப்பிலை ஈர்க்கு அழகாக வந்தது, கருவாட்டுத் தலை வரவேயில்லை. ஒவ்வொன்றையும் மாமியிடம் காட்டி "இது என்ன?" என்று கேட்பேன். இறால் கோதை "தோடு" என்றா. திரும்பக் கீறினேன். அவ பிழையாகச் சொன்னதையெல்லாம் தாளின் ஓரத்தில் எழுதி, அந்தத் தாள்களையும் சேர்த்தே மாப்பேக்குள் வைத்தேன். தேங்காய்ச் சிரட்டை எந்த வாளிக்குள் என்பதில் வீட்டில் இரண்டு கட்சி.

நேர்முகத்தில் தேரைப் பற்றி ஒரு கேள்வி. மீதி நேரம் முழுக்க மாமியைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஒரு கல்லூரி காரணம் சொல்லாமல் மறுத்தது, இன்னொன்று எடுத்தது. யோசிக்கிறவர்களுக்கு: மாப்பேயின் கடைசித் திகதி பல இடங்களில் வசந்தத்திலேயே முடிந்துவிடும், ஜூலை 15 வரை இருப்பது வழமையான விண்ணப்பத்துக்குத்தான். ஆகவே இலையுதிர்காலத்திலேயே ஆலோசனைக்குப் போங்கோ. எங்கள் மாநிலமான நோர்த்ரைன்-வெஸ்ட்ஃபாலன் 2011இல் படிப்புக் கட்டணத்தை எடுத்துவிட்டது, அரச கல்லூரியில் செமஸ்டர் பங்களிப்பு மட்டும். பாடன்-வூர்ட்டம்பேர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து படிக்க வருபவர்களுக்கு 2017இலிருந்து செமஸ்டருக்கு 1500 யூரோ. பாஃபெக் என்ற அரச படிப்பு உதவிக்கு வயதெல்லை 2022இலிருந்து 45. உங்கள் விசாவுக்குக் கிடைக்குமா என்று முதலே கேளுங்கோ. என்னுடைய ஏ1 அளவு மாப்பே மட்டை இப்போது சும்மா கிடக்கிறது, யாருக்கும் வேணுமென்றால் தருவேன். காரில் வாங்கோ, காற்று நாளில் அதைத் தூக்கிக்கொண்டு எஸ்-பான் ரயிலுக்குள் ஏற முடியாது.