இரண்டாவது ரிவ்யூவர் கேட்ட அட்டவணை

பிப்ரவரி 12, 2025

இரவு 11.40. கட்டுரை போய்விட்டது. தருமபுரி மாவட்டத்தில் 48 கிணறுகள், போர்வெல்களின் நீரை இரண்டு பருவத்தில் எடுத்துச் சோதித்து, அதில் ஃபுளோரைடு ஏன் கூடுகிறது என்று எழுதியது. எழுதி முடித்த பிறகும் அனுப்புவதற்கே ஒரு நாள் முழுக்க ஆனது. ஆசிரியருக்குக் கடிதம், 85 எழுத்துக்குள் அடங்கும் ஐந்து முக்கிய வரிகள், என் பெயரை நீக்கிய பிரதி ஒன்று, பெயருள்ள முதல் பக்கம் தனியாக. பிறகு, ரிவ்யூ செய்ய, அதாவது வெளியிடும் முன் கட்டுரையைப் படித்துப் பிழை பார்க்க, தகுந்த மூன்று பேரின் பெயர். கைடோடு சேர்ந்து பேப்பர் போட்டவர்களைச் சொல்லக் கூடாது என்பதால் அந்த மூன்று பெயரைத் தேடவே மதியம் போனது.

பி.எச்டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2022 நவம்பரிலேயே எடுத்துவிட்டது. எங்கள் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறது. இந்த மாதம், தரமான இதழ்கள் இவை என்று சொல்லும் கேர் பட்டியலையும் யூஜிசி கைவிட்டுவிட்டது. எது நல்ல இதழ் என்று இனி அவரவர் நிறுவனமே முடிவு செய்துகொள்ள வேண்டும். ‘மூன்றே நாளில் வெளியீடு’ என்று பணம் கேட்டு மெயில் அனுப்புகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. மூன்று நாளில் யாராலும் 48 கிணற்றின் கணக்கைப் படித்துப் பார்க்க முடியாது. படிக்காமல் போடுகிற இதழில் என் பேப்பர் வர வேண்டாம்.

பிப்ரவரி 19

ரிஜெக்ட். ரிவ்யூவுக்கே போகவில்லை. ஓர் ஊரின் ஆய்வு, எங்கள் வாசகர்களுக்குப் பொருந்தாது என்று நான்கு வரி. அழுதேன்.

மார்ச் 3

வேறு இதழ். மேற்கோள் முறையை முழுக்க மாற்றி அனுப்பியாயிற்று.

மார்ச் 29

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம், 31-ஆம் எண் கிணறு. மண் மாதிரிக்காகப் போயிருந்தேன். ஆயா பார்த்ததும் கேட்டார்: “ஏங்கண்ணு, போன வருசம் பாட்டில்ல தண்ணி புடிச்சிட்டுப் போனியே, என்ன ஆச்சு?” பக்கத்தில் பேரன் நின்றான். பல்லில் பழுப்புக் கோடுகள், ஃபுளோரைடு மிகுந்த நீர் குடித்தால் வருகிறவை.

“பேப்பர் வரட்டும், சொல்றேன் ஆயா” என்றேன்.

பஸ்ஸில் வரும்போது அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜூன் 10

பதில் வந்தது. மேஜர் ரிவிஷன், அதாவது பெரிய திருத்தங்கள் செய்து மறுபடி அனுப்ப வேண்டும், 60 நாள் அவகாசம். முதல் ரிவ்யூவர் ஒன்றரைப் பக்கம், பெரும்பாலும் படங்களைப் பற்றி. இரண்டாமவர் நான்கு பக்கம். அவருடைய ஏழாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன்: அயனிச் சமநிலைப் பிழையின் சராசரி 2.8 சதவீதம் என்கிறீர்கள், ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனி அட்டவணை எங்கே?

நீரில் நேர் அயனிகளின் மொத்தமும் எதிர் அயனிகளின் மொத்தமும் சமமாக இருக்க வேண்டும். நம் அளவீட்டில் அவை எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் அந்தப் பிழை. 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஆனால் பிளஸ்ஸும் மைனஸும் கலந்து சராசரி எடுத்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். நான் அப்படித்தான் எடுத்திருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை. ஆனாலும் செய்திருக்கிறேன்.

ஜூன் 11

அட்டவணை போட்டேன். நான்கு மாதிரிகள் 10 சதவீதத்தைத் தாண்டுகின்றன. நான்கிலும் நேர் அயனிகளே மிகுதி. அதில் ஒன்று 31-ஆம் கிணறு. எங்கள் முழு ஆய்விலும் ஃபுளோரைடு அதிகம் உள்ள கிணறு அதுதான்.

ஃபீல்டு நோட்டைப் புரட்டினேன். நான்கும் ஒரே சனிக்கிழமை எடுத்தவை. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீரின் பைகார்பனேட்டை அளக்கும் காரத்தன்மை டைட்ரேஷனைத் திங்கட்கிழமைதான் செய்திருக்கிறேன். கால்சியம் பார்க்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சேர்த்திருந்ததால் கால்சியம் கரைசலிலேயே நின்றிருக்கிறது. காரத்தன்மைக்கு எடுத்த, அமிலம் சேர்க்காத பாட்டிலில் இரண்டு நாளில் கால்சியம் கார்பனேட் படிந்து, எதிர் அயனியான பைகார்பனேட் குறைந்துபோயிருக்க வேண்டும். பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமங்கள் உள்ள பாறையிலிருந்து வரும் ஃபுளோரைடு, பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்த நீரில் கூடுகிறது என்பதுதான் என் கட்டுரையின் வாதமே. நான் தப்பாக அளந்ததும் அதே பைகார்பனேட்டைத்தான்.

ஜூன் 13

கைடு திட்டவில்லை. நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்துவிட்டு, “இந்த ஆள் நம்ம பேப்பரை நம்மைவிட நல்லாப் படிச்சிருக்கார்மா” என்றார். பிறகு ஐன்ஸ்டைன் கதை. 1936-ல் ஈர்ப்பு அலைகளே இல்லை என்று ஒரு கட்டுரையை ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’வுக்கு அனுப்புகிறார். ஆசிரியர் அதை ரிவ்யூவருக்கு அனுப்பியதே பிடிக்காமல் திரும்ப வாங்கிக்கொள்கிறார். ஆனால் அந்த ரிவ்யூவர் காட்டிய பிழை உண்மை. மறு ஆண்டு வேறோர் இதழில் கட்டுரை வந்தபோது முடிவே மாறியிருந்தது.

ஜூன் 21

நான்கு கிணற்றுக்கும் மறுபடி போனோம். இந்த முறை பியூரெட்டைக் கிணற்றடியிலேயே நிறுத்தி, 0.02 நார்மல் கந்தக அமிலத்தில் டைட்ரேஷன். மெத்தில் ஆரஞ்சு மஞ்சளிலிருந்து நிறம் மாறும் வரை ஆயாவின் பேரன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று ஆயாவிடம் சொல்லிவிட்டேன். கிணற்று நீரில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது, குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம் என்று. “காய்ச்சித்தான கண்ணு குடிக்கிறோம்” என்றார். காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு சட்டியிலேயே தங்கி இன்னும் செறிவாகும் என்று சொன்னதும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வருகிறது. வராத நாளில் இந்தக் கிணறுதான். குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்கவும் உலைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மார்ச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஃபுளோரைடைத் தனி மின்முனையில் அளந்தோம், காரத்தன்மைப் பிழை அதைத் தொடவில்லை. ஓர் ஊருக்கு அதன் தண்ணீர்க் கணக்கைச் சொல்வதற்கு எந்த இதழின் அனுமதியும் தேவையில்லை.

ஜூலை 14

ரிவிஷன் போய்விட்டது. பதில் கடிதமே 14 பக்கம். பழைய நான்கு மாதிரிகளையும் அயனிப் பகுப்பாய்விலிருந்து நீக்கிவிட்டேன். ஜூன் மாத அளவுகள் வேறு பருவத்தவை, பழையவற்றின் இடத்தில் வைக்க முடியாது, தனி அட்டவணையாகக் கொடுத்திருக்கிறேன். மீதி மாதிரிகளிலும் வாதம் நிற்கிறது, முன்பு காட்டிய அளவுக்கு அழுத்தமாக இல்லை. ஏழாவது கேள்விக்குக் கீழே, நீங்கள் சொன்னது சரி, தவறு எங்களுடையது என்று எழுதினேன். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு நன்றியும் சொன்னேன்.

ஜூலை 30

நிலவரம்: ‘அண்டர் ரிவ்யூ’.

கிணறு எண், ஃபுளோரைடு அளவு, குடிக்கலாமா கூடாதா, காய்ச்சினால் போகாது என்று தமிழில் ஆளுக்கு ஒரு சீட்டு அச்சடித்திருக்கிறேன். 19 வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. நாளை காலை முதல் பஸ்ஸில் பாலக்கோடு பக்கம் போகிறேன்.