பழைய லேசர் மெஷினுக்காகப் பல்சக்கரங்களை ஆர்12 டிஎக்ஸ்எஃப் ஆக்கிய கதை

3 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் ஒரு சுவர்க் கடிகாரம் செய்துகொண்டிருக்கிறேன். பல்சக்கரங்களை ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்தாகிவிட்டது. வெட்டுவது பெயர்ப்பலகை செய்யும் ஒரு அண்ணனின் கடையில், அங்கே இருக்கும் பழைய சிஓ2 லேசரில். மெஷின் இன்னும் உறுதியாக ஓடுகிறது, ஆனால் அதன் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் யுஎஸ்பி டாங்கிள் (உரிமச் சாவி) செருகினால்தான் திறக்கும். டிஎக்ஸ்எஃப், பிஎல்டி என்ற இரண்டு வரைபடக் கோப்பு வகைகளையும் எடுக்கும். "கோடு கோடா குடுத்துடுங்க தம்பி, நெளிவு சுளிவெல்லாம் இதுக்குத் தெரியாது" என்று அண்ணன் முதலிலேயே சொன்னார். மொத்த வேலையும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதல் கோப்பைத் திறந்தபோது அச்சுத் துளைகள் வட்டமாக வந்தன, பற்களின் நேர்க்கோடுகளும் வந்தன, பல்லின் வளைந்த பக்கங்கள் மட்டும் காணோம். எச்சரிக்கை எதுவும் இல்லை. டிஎக்ஸ்எஃப் வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறந்து படிக்கலாம். திறந்தால் பல் வளைவுகள் எல்லாம் ஸ்ப்லைன் (புள்ளிகளை வைத்து வரையும் நெகிழ் வளைவு) என்று இருந்தன. 1992-இல் வந்த ஆர்12, அதாவது ஆட்டோகேட் வரைபட மென்பொருளின் 12-ஆம் பதிப்பு, அதன் டிஎக்ஸ்எஃப்பில் ஸ்ப்லைனும் கிடையாது, நீள்வட்டமும் கிடையாது, அவை ஆர்13-இல் வந்தவை. இப்போது எங்கும் பார்க்கிற எல்டபிள்யூபாலிலைன் (பாலிலைன் என்ற தொடர்கோட்டின் சுருக்க வடிவம்) அதற்கும் பிறகு ஆர்14-இல்தான். பழைய மென்பொருள் தனக்குத் தெரியாத உருப்படியைத் தாண்டிப் போய்விடுகிறது, அவ்வளவுதான். கோப்பின் தலைப்பகுதியிலேயே பதிப்பு எழுதியிருக்கும்: ஏசி1009 என்றால் ஆர்12, ஏசி1015 என்றால் ஆட்டோகேட் 2000. மெஷினுக்குப் போகும் முன் இதை ஒருதரம் பார்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

சரி, ஆர்12-ஆகச் சேமித்தால் முடிந்ததா என்றால் இல்லை. வளைவை எப்படி உடைக்கிறோம் என்பதில்தான் சக்கரத்தின் தரமே இருக்கிறது. என் சக்கரங்கள் மாட்யூல் 2 (மாட்யூல் என்பது பல்லின் அளவைக் குறிக்கும் எண்), அதாவது பல்லின் உயரமே 4.5 மி.மீ.தான். "ஒவ்வொரு துண்டும் அதிகபட்சம் 5 மி.மீ." என்று நீளத்தை வைத்து உடைத்தால் பல்லின் வளைவு முழுவதும் ஒரே கோடாகிவிடும், சக்கரங்கள் கடகடவென்று ஓடும். பயந்துபோய் 0.1 மி.மீ. துண்டுகளாக நறுக்கினால் இன்னொரு தொல்லை: பழைய கண்ட்ரோலர் ஒவ்வொரு முனையிலும் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் போகிறது, தலை நடுங்குகிறது, விளிம்பு கருகிப் பழுப்பேறுகிறது.

அதனால் நீளத்தை விட்டுவிட்டு விலகலைக் கணக்கில் எடுத்தேன். உண்மையான வளைவிலிருந்து கோடு 0.05 மி.மீ.க்கு மேல் விலகக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. விலகல் என்பது ஏறக்குறைய துண்டு நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தது. 5 மி.மீ. ஆரமுள்ள வளைவில் துண்டு சுமார் 1.4 மி.மீ. வரை போகலாம், ஆரம் பெரிதானால் துண்டும் நீளும். பைத்தான் நிரல்மொழியில் ஈஸி-டிஎக்ஸ்எஃப் நூலகம் இந்த விலகல் அளவைக் கொடுத்தால் தானே உடைத்துத் தருகிறது, ஆர்12-ஆகவும் எழுதுகிறது. வட்டங்களையும் வில்களையும் தொடவே இல்லை. அவை ஆர்12-இலும் உண்டு, மெஷின் அவற்றை வழவழவென்று வெட்டுகிறது. இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை மட்டும் மாற்றுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம் அளவு. ஆர்12 கோப்பில் மில்லிமீட்டரா அங்குலமா என்ற தகவலே இல்லை, எண்கள் மட்டும்தான். திறக்கிற மென்பொருள் அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் 25.4 மடங்காகிவிடும். எனவே ஒவ்வொரு கோப்பின் ஓரத்திலும் 100 மி.மீ. சதுரம் ஒன்றைத் தனி நிறத்தில் வைக்கிறேன். திரையில் அதன் அளவைப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம். நிறங்களையும் பழைய பட்டியலின் முதல் ஏழுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன், உள்துளைகள் சிவப்பு, வெளிவிளிம்பு நீலம். சிவப்பு முதலில் வெட்டப்பட வேண்டும். வெளிவிளிம்பு முதலில் கழன்றுவிட்டால் சக்கரம் அசைந்து துளை மையம் தவறிவிடும்.

முப்பரிமாண வடிவத்திலிருந்து தட்டையாக எடுக்கும்போது மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிடுகின்றன. கண்ணுக்கு ஒரு கோடு, லேசருக்கு இரண்டு, ஒரே இடத்தில் இருமுறை எரிக்கும். இரட்டைக் கோடுகளை நீக்கிவிட்டு, துண்டுகளை ஒரே மூடிய பாலிலைனாக இணைத்த பிறகுதான் கோப்பு சுத்தமானது. இணைக்காமல் விட்டால் தலை பலகையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவித் தாவி வெட்டுகிறது.

கடைசியாக கெர்ஃப், அதாவது லேசர் எரித்தெடுக்கும் வெட்டின் அகலம். சோதனைத் துண்டில் லேசர் 0.2 மி.மீ. அகலத்தை எடுத்துக்கொண்டது. பல்லின் தடிமன் 3.14 மி.மீ.தான் என்பதால் வெளிவிளிம்பை 0.1 மி.மீ. வெளியே தள்ளினேன். 60 பல் சக்கரம், கணக்குப்படி 124 மி.மீ. வெளிவிட்டம், காலிப்பரிலும் அதுவே வந்தது. சின்னச் சக்கரத்தோடு கோர்த்துச் சுற்றினால் எங்கும் சிக்கவில்லை. அடுத்தது எஸ்கேப்மெண்ட் சக்கரம், கடிகாரத்தின் ஓட்டத்தைப் பல் பல்லாக விடுவிப்பது. அதன் பல்முனை கூர்மையாக இருக்க வேண்டும், அதற்கு விலகலை 0.02-ஆகக் குறைத்து, தலையின் வேகத்தையும் கொஞ்சம் இறக்கிப் பார்க்கப் போகிறேன்.