கிழிந்த வாலும் நான் ஊற்றிய நீல மருந்தும்

காலையில் தொட்டி விளக்கைப் போட்டதும் கண்ணில் பட்டது வால்தான். முந்தின நாள் வரை விசிறி மாதிரி விரிந்திருந்தது, இப்போது நடுவில் பிளந்து கிடந்தது. கீழ்ப்பக்கம் ஒரு துண்டையே காணோம். என் ஃபைட்டர் மீனோ ஒன்றும் நடக்காதது போலக் கண்ணாடியருகே வந்து தீனிக்கு நின்றான்.

தொட்டியில் அவன் தனி ஆள், கடிக்க வேறு யாரும் இல்லை. ஃபைட்டர்கள் தங்கள் வாலைத் தாங்களே கடிப்பதும் உண்டு. ஆனால் அப்படிக் கடித்தால் ஓரத்தில் அரைவட்டமாகக் கவ்விய தடம் தெரியும். இது நேர்க்கோட்டில் கிழிந்திருந்தது. அழுகல் என்றால் ஓரம் கறுத்தோ சிவந்தோ, நைந்து வெளுத்தோ இருக்கும். இங்கே ஓரம் சுத்தம். பழைய நைலான் காலுறை ஒன்றை எடுத்துத் தொட்டிக்குள் இருந்த ஒவ்வொரு பொருளின் மேலும் தேய்த்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் செடியின் இலையில் நூல் மாட்டி இழுத்தது. நைலான் மாட்டுகிற இடத்தில் துடுப்பு மாட்டாதா? செடியை வெளியே எடுத்துப் போட்டேன். அதோடு விட்டிருக்க வேண்டும்.

கை சும்மா இருக்கவில்லை. காயம் என்றால் மருந்து போடத்தானே வேண்டும்? மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றினேன். தனிப் பாத்திரத்தில் மீனை விட்டுத்தான் அதைப் போட வேண்டும் என்று தெரியும். பிடித்து மாற்றச் சோம்பல், அவ்வளவுதான். ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியிருந்து, மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றித் தருகிற நல்ல பாக்டீரியாவுக்கும் அந்த மருந்து ஆகாது. நான்காம் நாள் அம்மோனியா டெஸ்ட் கிட் குப்பியில் மஞ்சள் வர வேண்டியதற்குப் பச்சை வந்தது, அம்மோனியா ஏறியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் இருந்த நீலம்தான் ஏமாற்றுகிறதோ என்று பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் கரியைப் போட்டு, நீலம் போன பிறகு திரும்பப் பார்த்தேன். அப்போதும் பச்சைதான், 1 பிபிஎம் (லிட்டருக்கு சுமார் 1 மில்லிகிராம்). அதற்குள் சுத்தமாக இருந்த ஓரம் நைந்து கறுக்க ஆரம்பித்திருந்தது. வெறும் கிழிசலாக இருந்ததை அழுகலாக்கியது நான்தான்.

அப்புறம் செய்ததெல்லாம் சலிப்பான வேலை. தொட்டி 20 லிட்டர். தினமும் 5 லிட்டர் மாற்றினேன். குளோரின் நீக்கி, தொட்டியில் இருக்கும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்த தண்ணீர். 4 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி என்று உப்பைக் கரைத்து விட்டேன். உப்பு ஆவியாகிப் போகாது, அதனால் மறுநாள் முதல் மாற்றுகிற தண்ணீருக்கு மட்டும்தான் சேர்க்க வேண்டும். ஹீட்டரை 27 டிகிரியில் வைத்தேன். கிழிந்த வாலோடு நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது பெரிய பாடு, அதனால் ஃபில்டர் காற்றையும் குறைத்தேன். அம்மோனியா 0-க்கு வர ஒன்பது நாள் ஆனது. கறுப்பு பரவுவது அதற்கு முன்பே நின்றுவிட்டது.

அதன் பிறகு ஒரு நாள் வால் ஓரம் முழுக்க வெள்ளையாக ஒரு கோடு. பூஞ்சை என்றே முடிவு கட்டி, மருந்துக் குப்பியின் மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். எதற்கும் பார்ப்போம் என்று தொட்டிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தேன். பூஞ்சை பஞ்சு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், வெளிச்சத்தை மறைக்கும். இதுவோ கண்ணாடித்தாள் போல வெளிச்சத்தை அப்படியே விட்டது. உள்ளே துடுப்பைத் தாங்கும் எலும்புக் கதிர்கள் மயிரிழையாக நீண்டுகொண்டிருந்தன. புதுத் துடுப்பு! குப்பியை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

துடுப்பு வளர்வதைப் பற்றி அப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். வெட்டுப்பட்ட இடத்தைத் தோல் ஒரே நாளில் மூடிவிடுகிறது. அதற்கடியில் செல்கள் குவிந்து மொட்டுக் கட்டி, எலும்புக் கதிரைக் கணுக்கணுவாக நீட்டுகின்றன. 28 டிகிரியில் வளரும் வரிக்குதிரை மீனுக்கு இரண்டு மூன்று வாரத்தில் வால் திரும்பிவிடும். குளிர்ந்த நீரில் தாமதமாகும். அடிப்பக்கமாக வெட்டுப்பட்ட கதிர் வேகமாக வளரும், நுனியில் வெட்டுப்பட்டது மெதுவாக வளரும் என்பதுதான் எனக்கு வியப்பு. எவ்வளவு போயிற்று என்று துடுப்புக்குத் தெரிந்திருக்கிறது. என் மீனிலும் துண்டு போன கீழ்ப்பக்கம்தான் முதலில் முந்தியது. அழுகல் வால் அடிவரை போய் உடம்பைத் தின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. கதிரின் அடி போனால் துடுப்பு திரும்ப முளைப்பது சந்தேகம்தான்.

ஃபைட்டரின் நீள வாலுக்கு வரிக்குதிரை மீனின் கணக்கு சரிவரவில்லை, இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு தடவை அந்த மெல்லிய சவ்வு மறுபடி கிழிந்தது. அப்போது தண்ணீரை மாற்றியதோடு சரி, வேறெதையும் தொடவில்லை. நிறம் கடைசியில் வந்தது, அதுவும் அடியிலிருந்து நுனிக்கு மெல்ல ஊறினாற்போல. இப்போது வால் முழுசாக இருக்கிறது. கீழே மட்டும் இரண்டு கதிர் கொஞ்சம் வளைந்திருக்கிறது, அவன் விரிக்கும்போது சின்னதாக ஒரு மடிப்பு விழும். மெத்திலீன் ப்ளூ ஏறிய தொட்டி மூலை சிலிகான் மட்டும் இன்னும் நீலமாகவே இருக்கிறது.